கிரிக்கெட் பந்துக்கு வேர்க்குது ஆச்சி!

போன இதழ்ல என் பேரன் பிறந்தநாளுக்கு ஃபான்டன்ட்ங்கிற சர்க்கரை மாவை வச்சு பந்து பந்தா கப்கேக் செஞ்சதை நாலே வரி எழுதிட்டு அப்படியே விட்டுட்டேன், அதுக்கு இப்படி கடுதாசியா வந்து குவியும்னு சத்தியமா நினைக்கல. உப்புக்கறி, மண்டி செய்முறை கேட்டவங்கல்லாம் அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கணும், இந்த தடவை முழுக்க பிள்ளைங்க கச்சேரிதான்.

"ஆச்சி, என் மகனுக்கு கார்த்திகையில ஆறு வயசு முடியுது. ஸ்போர்ட்ஸ் கப்கேக்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். கிளாஸ்ல 24 பிள்ளைங்க. கேக் நல்லா செய்வேன், ஆனா ஃபான்டன்ட்டை கையால தொட்டதுகூட இல்ல. எவ்வளவு வாங்கணும், எப்ப ஆரம்பிக்கணும்?"
வாசகி, காரைக்குடி

பயப்படாத ஆத்தா. ஃபான்டன்ட்ங்கிறது சர்க்கரை மாவுதான், கொழுக்கட்டைக்கு சொப்பு பிடிக்கத் தெரிஞ்ச கைக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்ல. கணக்கை முதல்ல சொல்லிடறேன். ஒரு கப்கேக்குக்கு 7 செ.மீ. அகலம், 3 மி.மீ. கனத்துல ஒரு வட்டம் போட்டா 15லேர்ந்து 20 கிராம் பிடிக்கும், அதுக்கு மேல பேட்டு, ஸ்டம்ப்பு, கோடுன்னு ஒரு 10 கிராம் வச்சுக்க. 24க்கு 700 கிராம் போல வரும், நீ ஒரு கிலோவா வாங்கிடு, முதல் தடவைல கொஞ்சம் கிழியும், கொஞ்சம் காயும், பக்கத்துல பிள்ளை நின்னா கொஞ்சம் வாய்க்குள்ளயும் போகும்.

வெள்ளையா வாங்கி வீட்ல கலர் சேத்துக்கலாம், ஆனா சிவப்பையும் கறுப்பையும் மட்டும் கலராவே விக்கிறதை வாங்கிடு. ஏன்னா வெள்ளை மாவு நல்ல சிவப்பாகணும்னா அவ்வளவு கலர் கொட்டணும், கொட்டக் கொட்ட மாவு நசநசன்னு ஆகி நாக்குல கசக்கவும் செய்யும். மத்த கலருக்கு ஜெல் கலர்தான், தண்ணி மாதிரி இருக்கிற சின்ன பாட்டில் கலர் வேண்டாம், மாவு கையோட ஒட்டிக்கிட்டு வரும். ஒரு பல்குச்சி முனையில தொட்டு வச்சுப் பிசை, லைட்டா இருக்கேன்னு மறுபடி மறுபடி தொடாத, ராத்திரி மூடி வச்சுட்டு காலைல பாத்தா தானாவே ஒரு சுத்து கூடியிருக்கும்.

வேலையை மூணு நாள் முன்னாடியே ஆரம்பிச்சுடணும். முதல் நாள் கலர் பிசைஞ்சு பிளாஸ்டிக் ஷீட்ல சுத்தி டப்பால போட்டு வை. மறுநாள் மேடையில கார்ன்ஃப்ளார் தூவி பூரிக்கட்டையால தேச்சு எவர்சில்வர் டம்ளர் வாயால வட்டம் வெட்டு (கட்டர் தனியா வாங்காத, உன் டம்ளர் வாயும் கப்கேக் வாயும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் அளந்து பாத்துக்க). பேட்டு ஸ்டம்ப்பு மாதிரி விறைப்பா நிக்க வேண்டியதுக்கெல்லாம் 250 கிராம் ஃபான்டன்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் (மாவை விறைப்பாக்குற, சாப்பிடக்கூடிய பசைப் பவுடர்) சேத்துப் பிசைஞ்சா ஒரே நாள்ல அப்பளம் மாதிரி காஞ்சிடும். கேக் சுடுறது முந்தின நாள் சாயந்திரம், ஒட்டுறது விழா அன்னிக்குக் காலைல. எல்லாத்தையும் ஒரே நாள்ல செஞ்சுடலாம்னு மட்டும் உக்காராத, பிள்ளை கேக் வெட்டுற நேரத்துக்கு நீ கார்ன்ஃப்ளார் தலையோட அடுப்படியில அழுதுக்கிட்டு இருப்ப.

இன்னொண்ணு. 24ம் 24 விதமா வேண்டாம். நாலு டிசைன், ஒவ்வொண்ணுலயும் ஆறு, அவ்வளவுதான். அதுலயும் "எனக்கு ஃபுட்பால்தான் வேணும்"னு பத்து பிள்ளை சேந்து கத்தும், அதனால உன் மகன் கிளாஸ்ல எந்த ஆட்டத்துக்கு மவுசு ஜாஸ்தின்னு முன்கூட்டியே கேட்டுக்க.

"செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சேன், வெளிய எடுத்த அஞ்சாவது நிமிஷம் கிரிக்கெட் பந்துக்கு வேர்க்குது ஆச்சி! தொட்டா பிசுபிசுன்னு விரல்ல சிவப்பா ஒட்டுது. என்ன தப்பு பண்ணினேன்?"
வாசகி, தேவகோட்டை

ஃப்ரிட்ஜ்ல வச்சதுதான் தப்பு, வேற ஒண்ணும் இல்ல. நம்ம ஆளுங்களுக்கு எதைக் கண்டாலும் ஃப்ரிட்ஜ்ல தள்ளிடணும். ஃபான்டன்ட் முழுக்க சர்க்கரை, அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அதுலயும் ஜில்லுனு இருக்கிறதை வெளிய எடுத்தா ஐஸ் தண்ணி சொம்புக்கு வெளிய முத்து முத்தா பூக்குமே அதே கதைதான் இங்கயும், சொம்புல பூத்தா வழிஞ்சு போயிடும், இங்க சர்க்கரை கரைஞ்சு பிசுக்காயிடும், கூடவே கலரும் கரைஞ்சு பக்கத்துல இருக்கிற வெள்ளையில ஓடிடும்.

என் கதையும் அதேதான். பெரிய பேரனோட பிறந்தநாளப்ப, நாலு வருஷம் இருக்கும், வெளிய ஐப்பசி மழை சொட்டிக்கிட்டே இருக்கு, நான் மகா புத்திசாலித்தனமா சிவப்பு கிரிக்கெட் பந்தையும் வெள்ளை ஃபுட்பாலையும் ஒரே தட்டுல நெருக்கி அடுக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சேன், ராத்திரி கரன்ட் போச்சு, வந்துச்சு, மறுபடி போச்சு. காலைல திறந்தா ஃபுட்பால் பூரா ரோஸ் கலர். பேரன் பாத்துட்டு "அப்பத்தா, பந்துக்கு அடிபட்டு ரத்தம் வருது"ன்னான். மருமக சிரிச்சா, நான் சிரிக்கல. பன்னெண்டு பந்தையும் தூக்கிப் போட மனசில்லாம மேல பேண்டேஜ் மாதிரி வெள்ளைப் பட்டை ரெண்டு குறுக்க ஒட்டி "அடிபட்ட பந்து"ன்னு பரிமாறிட்டேன், பிள்ளைங்க அதைத்தான் முதல்ல எடுத்துச்சுங்க.

இப்பல்லாம் காஞ்ச பொம்மை, வட்டம் எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில ஒண்ணோட ஒண்ணு படாம அடுக்கி, மூடியை லேசா திறந்தாப்ல வச்சு, ரெண்டாங்கட்டுல வெயில் படாத அலமாரியில வச்சுடறேன். வெயில் பட்டா ரோஸும் ஊதாவும் வெளுத்துடும், காத்துப் புகாத டப்பால போட்டா காயவே காயாம சவசவன்னு ஆயிடும், ரெண்டும் ஆகாது. அப்படியும் உள்ள வச்ச கேக் கெட்டுடும்னு ஃப்ரிட்ஜ்ல வச்சே ஆகணும்னா, அட்டைப்பெட்டில போட்டு அதை இன்னொரு மூடின டப்பாக்குள்ள வை, வெளிய எடுத்ததும் திறக்காத, ரெண்டு மணி நேரம் டப்பாவோட அப்படியே விடு, ஈரமெல்லாம் டப்பாவுக்கு வெளிய பூத்து நின்னுடும். ஏற்கனவே வேர்த்துடுச்சா, தொடாத, துடைக்காத, ஃபேனுக்கு அடியில வச்சுட்டு வேற வேலையப் பாரு.

வட்டத்தைக் கேக் மேல ஒட்ட பட்டர் க்ரீமை நம்பாதீங்கன்னும் சேத்து சொல்லிடறேன். சித்திரை வெயில்ல நம்ம ஊர் வீட்டுக்குள்ள வெண்ணெய் நிக்காது, உருகி ஓடும், மேல வச்ச ஃபான்டன்ட் வட்டம் சறுக்கிக்கிட்டு கீழ வரும். சாக்லேட் கனாஷ்தான் கை கொடுக்கும், டார்க் சாக்லேட் ரெண்டு பங்குக்கு க்ரீம் ஒரு பங்கு, வெள்ளை சாக்லேட்னா மூணுக்கு ஒண்ணு. க்ரீமை லேசா கொதி வர்ற வரைக்கும் சூடு பண்ணி சாக்லேட் மேல ஊத்தி ரெண்டு நிமிஷம் விட்டுக் கலக்குங்க. ஆறினதும் கத்தியால மெல்லிசா தடவி அதுமேல வட்டத்தை வச்சா பசை மாதிரி பிடிச்சுக்கும்.

"எங்க வீட்ல அப்பத்தாவுக்கு முட்டை ஆகாது, ஃபான்டன்ட்ல ஜெலட்டின் இருக்காமே, அது மாட்டுல எடுக்கிறதுன்னு யாரோ சொல்லிட்டாங்க, இப்ப வீடே ரெண்டுபட்டுக் கிடக்கு. சைவமா செய்ய வழி இருக்கா?"
வாசகி, பள்ளத்தூர்

சொன்னவங்க தப்பா சொல்லலம்மா. ஜெலட்டின் மிருகங்களோட தோல், எலும்புலேர்ந்து எடுக்கிறதுதான். கடையில வாங்கறப்ப பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாரு, சைவத்துலயே ஃபான்டன்ட் தாராளமா கிடைக்குது, அப்பத்தா கையிலயே பாக்கெட்டைக் குடுத்து புள்ளியக் காட்டிடு, பாதிப் பஞ்சாயத்து அங்கயே தீந்துடும். மார்ஷ்மெல்லோவை உருக்கி ஐசிங் சுகர் போட்டுப் பிசைஞ்சா வீட்லயே ஃபான்டன்ட்னு சொல்றாங்களே, அந்த மார்ஷ்மெல்லோவுலயும் பெரும்பாலும் ஜெலட்டின்தான், அதுலயும் புள்ளியப் பாத்து வாங்கு.

கேக்குக்கு முட்டையே வேண்டாம், தயிர் போதும். பன்னெண்டு கப்கேக்குக்கு ஒரு கப் கெட்டித் தயிர்ல முக்கால் கப் சர்க்கரையைப் போட்டு கரைய அடிச்சுட்டு, அதுல ஒண்ணேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் தூவி கலக்கி அஞ்சு நிமிஷம் விட்டா ஆப்பமாவு பொங்குற மாதிரி நுரைச்சுக்கிட்டு வரும். அப்ப அரை கப் வாசமில்லாத எண்ணெய், ஒரு டீஸ்பூன் வெனிலா ஊத்தி, ஒன்றரை கப் மைதாவை ரெண்டு மூணு தடவையா சலிச்சு சேத்து லேசா கலந்துடு. ரொம்பப் போட்டு அடிக்காத, கேக்கு ரப்பராயிடும். 180 டிகிரியில 18லேர்ந்து 20 நிமிஷம். நல்லெண்ணெய் மட்டும் ஊத்திடாத, ஒரு தடவை எங்க வீட்ல ஒரு ஆள் ஊத்தி (யாருன்னு சொன்னா சண்டை வரும்) கேக்கு எள்ளுருண்டை வாசம் அடிச்சுச்சு.

பேப்பர் கப்ல பாதிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் மாவு ஊத்தினா போதும். நிறைய ஊத்தினா உப்பி குடுமி வச்சுக்கும், ஃபான்டன்ட் வட்டம் அதுமேல உக்காராது, குடுமியை சீவி எடுத்தா பிசிறு பிசிறா உதிரும். புளிச்ச தயிர் வேண்டாம். சொல்ல மறந்துட்டேன், தயிரு ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த ஜில்லோட இருக்கக் கூடாது.

"எல்லாம் ஒழுங்காத்தான் வருது, ஆனா நான் செஞ்ச கிரிக்கெட் பந்தைப் பாத்துட்டு என் தம்பி 'இது கிரிக்கெட் பந்தே இல்ல'ங்கிறான். ஃபுட்பால் போட்டா பாண்டா கரடி மாதிரி இருக்கு. பந்துகளைச் சரியா போட சொல்லித்தாங்க ஆச்சி."
வாசகி, கானாடுகாத்தான்

நீ அனுப்பின போட்டோவப் பாத்தேன். உன் தம்பி சொன்னது சரிதான் தாயி, நீ போட்டிருக்கிறது பேஸ்பால் தையல். நெட்ல பந்து கப்கேக்னு தேடினா அமெரிக்காக்காரங்க செஞ்சதுதான் வரிசையா வரும், அந்தப் பந்துல தையல் ரெண்டு வளைவா அடைப்புக்குறி மாதிரி ஓடும். கிரிக்கெட் பந்துக்கு வளைவே கிடையாது, நட்ட நடுவுல நேரா ஒரு பட்டை, அதுல ஆறு வரிசைத் தையல், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணு.

இதுக்கு நம்ம வீட்லயே ஒரு சாமான் இருக்கு, சீப்பு சீடைக்குன்னு வச்சிருக்கோமே அந்தச் சீப்பு. சிவப்பு வட்டம் ஈரமா இருக்கிறப்பவே ஸ்கேல் விளிம்பால நடுவுல ஒரு கோடு அழுத்து, அப்புறம் சீப்பை செங்குத்தா பிடிச்சு பல்லு நுனி மட்டும் படுற மாதிரி கோட்டை ஒட்டி ஒரு தடவை, கொஞ்சம் தள்ளி ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தடவை அமுக்கு. வரிசையா புள்ளி விழும். அந்தப் பக்கமும் அதே மூணு. நாலஞ்சு சொட்டுத் தண்ணியில ஐசிங் சுகரைப் பேஸ்ட் பதத்துக்குக் குழைச்சு மெல்லிசு பிரஷ்ஷால புள்ளி மேல தடவிட்டு, காஞ்ச டிஷ்யூவால ஒரே இழுப்பு இழுத்தா மேல இருக்கிறது போயிடும், குழிக்குள்ள மட்டும் வெள்ளையா நூல் மாதிரி நிக்கும். முதல் தடவை அப்படி வந்தப்ப நானே கையில வச்சு ரெண்டு நிமிஷம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

தட்டையா இல்லாம உப்பலா வேணுமா, குழிப்பணியாரச் சட்டியை எடு. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம கழுவித் துடைச்சு குழிக்குள்ள கார்ன்ஃப்ளார் தூவி, சி.எம்.சி. சேத்த மாவை மெல்லிசா தேச்சு உள்ள விரிச்சு, ஓரத்தைச் சீவிட்டு ஒரு நாள் காயவிட்டுக் கவுத்தினா அரைப்பந்து ஓடு. அதைக் கனாஷ் மேல கவுத்து வை. முழு உருண்டையா ஃபான்டன்ட்லயே பிடிச்சு வைக்கிறாங்க சில பேரு, பாக்க அழகுதான், ஆனா எந்தப் பிள்ளை அவ்வளவு சர்க்கரையைத் தின்னும்? ஒரு கடி கடிச்சுட்டு தட்டுல வச்சுட்டு ஓடிடும், கேக்கும் சேந்து வீணாப் போகும்.

இப்ப ஃபுட்பால். அந்தக் கறுப்பு வெள்ளைப் பந்து 1970 மெக்சிகோ வேர்ல்டு கப்புக்கு வந்தது, அப்ப டிவி பெரும்பாலும் கறுப்பு வெள்ளைங்கிறதால பந்து பளிச்சுனு தெரியணும்னு அப்படி வச்சாங்க. மொத்தம் 32 துண்டு, 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம். கப்கேக்ல அத்தனையும் போடப் போனாத்தான் பாண்டா கரடி ஆகுது. நடுவுல ஒரே ஒரு கறுப்பு ஐங்கோணம் வை. அதோட ஒவ்வொரு மூலையிலேர்ந்தும் வெளியப் பாத்து ஒரு கோடு கத்தி முதுகால அழுத்து, அஞ்சு கோடு வரும், அந்தக் கோடு போய் முடியுற இடத்துல ஓரத்துல பாதி ஐங்கோணம், அதோட முனை கோட்டைத் தொடுற மாதிரி. நீ செஞ்சதுல ஓரத்துக் கறுப்பெல்லாம் நடு ஐங்கோணத்தோட பக்கத்துக்கு எதிர்ல இருக்கு, மூலைக்கு எதிர்ல இருக்கணும், தப்பு அங்கதான். அப்புறம் ஓரத்து ரெண்டு ரெண்டு கறுப்பையும் சேக்குற மாதிரி நேரா ஒரு கோடு, பந்து தயார். கறுப்பை ஒட்டுறதுக்குத் தண்ணிய பிரஷ்ல தொட்டும் தொடாம வை, ஜாஸ்தியானா கறுப்பு வழிஞ்சு கண் மை கலைஞ்ச மாதிரி ஆயிடும்.

பேஸ்கட்பால்தான் இருக்கிறதுலயே சுளுவு, ஆரஞ்சு வட்டத்துல நெடுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணு, ரெண்டு பக்கமும் வளைவா ஒவ்வொண்ணு. கறுப்பு நூல் வேணும்னா ஃபான்டன்ட்ல ரெண்டு துளி தண்ணி சேத்து நல்லா இளக்கிட்டு இடியாப்பக் குழல்ல பிழி, அருமையா வரும்.

டென்னிஸ் பந்துக்கு இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த கலர், புது டூத் பிரஷ்ஷால மேல தட்டித் தட்டி விட்டா பஞ்சு மாதிரி ஆயிடும், வெள்ளைக் கோடு வளைஞ்சு போகும். இதுல ஒரு வேடிக்கை, நான் சிவப்புப் பந்து செஞ்சு வச்சதப் பாத்து சின்னப் பேரன் "அப்பத்தா, கிரிக்கெட் பந்து பச்சையால்ல இருக்கும்?"ன்னான். அவன் வீட்டு முகப்புல, தெருவுல ஆடுறதெல்லாம் டென்னிஸ் பந்துலதானே. அதனால ரெண்டும் செஞ்சு வை, தெருவுல ஆடுற பசங்க பச்சையத்தான் எடுப்பாங்க.

"நான் அஞ்சாம் வகுப்பு படிக்கிறேன். எல்லாரும் கிரிக்கெட் கேக், ஃபுட்பால் கேக்தான் வெட்டுறாங்க. எனக்குக் கபடி கேக் வேணும். அம்மா கபடில பந்தே இல்லையே எப்படிடா செய்றதுங்கிறாங்க. ஆச்சி நீங்க அம்மாகிட்ட சொல்லுங்க."
குட்டி வாசகர், கோட்டையூர்

சொல்லிட்டேன் ராசா, அம்மாவ இதப் படிக்கச் சொல்லு. பந்து இல்லேன்னா என்ன, பனியன் இருக்குல்ல? கபடிக்கு ஒரு பக்கம் ஏழு பேர், அப்ப 14 கப்கேக், ஏழு நீலம், ஏழு மஞ்சள். சட்டை வடிவத்தை ஒரு அட்டையில வெட்டி அதை ஃபான்டன்ட் மேல வச்சு சுத்தி வெட்டினா எல்லாம் ஒரே அளவுல வரும், மேல 1லேர்ந்து 7 வரைக்கும் நம்பர். பெரிய அட்டையில பிரவுன் பேப்பர் ஒட்டி நடுக்கோடு போட்டு, ஒரு பக்கம் ஏழும் வளைவா கை கோத்து நிக்கிற மாதிரி அடுக்கு, எதிர்ப் பக்கத்துலேர்ந்து ஒண்ணே ஒண்ணை மட்டும் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வை, அதுதான் பாடிக்கிட்டு வர்ற ஆளு. அந்தக் கேக்கு உனக்கு. வர்ற பிள்ளைங்க பதினாலுக்கு மேல இருந்தா மிச்சம் இருக்கிறவங்களுக்கு வெள்ளைச் சட்டை, அம்பயருங்கன்னு சொல்லிடு.

"சொந்த ஊர் கண்டனூர், இப்ப சிங்கப்பூர்ல இருக்கோம். மகள் செஸ் ஆடுறா, குகேஷ் இங்கதான் ஜெயிச்சார்னு அன்னிலேர்ந்து அதே பேச்சு. அவ எட்டாவது பிறந்தநாளுக்கு செஸ் கப்கேக் செய்யணும். குதிரை, ராணியெல்லாம் பொம்மையா பிடிக்க எனக்கு வராது."
வாசகி, சிங்கப்பூர்

2024 டிசம்பர்ல அந்தப் பிள்ளை 18 வயசுல உலக சாம்பியன் ஆனப்ப நானும் டிவி முன்னாடிதான் உக்காந்திருந்தேன், ஆட்டம் ஒண்ணும் புரியல, அவன் கண்ணத் துடைச்சது மட்டும் புரிஞ்சுது.

பொம்மை பிடிக்கவே வேண்டாம்மா. உனக்கு வராது, எனக்கும் வராது, நான் பிடிச்ச குதிரையை ஒரு தடவை எல்லாரும் நாய்க்குட்டின்னு கொஞ்சினாங்க. தட்டையா வெட்டி ஒட்டிடு. காய் வகை ஆறுதான், ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய், அச்சு பேப்பர்ல வரைஞ்சு வெட்டிக்கலாம். 64 கட்டத்துக்கு 64 கேக் யாரும் சுட மாட்டாங்க, நீ 16 சுட்டு நாலுக்கு நாலா அடுக்கு, கறுப்பு வட்டத்துல வெள்ளைக் காய், வெள்ளை வட்டத்துல கறுப்புக் காய், மாத்தி மாத்தி. கறுப்பு மாவாவே கிடைக்கலேன்னா வெள்ளை மாவுல கொக்கோ பவுடர் சேத்து முதல்ல பழுப்பாக்கிட்டு அப்புறம் கறுப்பு ஜெல் சேத்தா கொஞ்சமே போதும், ருசியும் பரவால்ல, பிள்ளைங்க பல்லும் மையைத் தின்ன மாதிரி ஆகாது. உங்க ஊர்ல வருஷம் பூரா ஈரக் காத்து, அதனால ஏசி ரூம்ல காய வை, மேல தேவகோட்டை வாசகிக்குச் சொன்னதெல்லாம் உனக்கு ரெண்டு மடங்கு.

"நான் எழுபது வயசுக்காரன். என் பேத்தி பிறந்தநாளுக்கு மருமகள் மூணு நாளா சர்க்கரை மாவை வச்சு பந்து உருட்டிக்கிட்டு இருக்கு. எங்க காலத்துல கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சுட்டா பிறந்தநாள் முடிஞ்சுது. இதெல்லாம் தேவைதானா ஆச்சி? நீங்களே இதுக்கு வக்காலத்து வாங்குறீங்களே?"
ஒரு ஐயா, புதுவயல்

அண்ணே, தேவையான்னு கேட்டா தேவையில்லதான். கந்தரப்பத்துக்கு முன்னாடி இந்த ஃபான்டன்ட் ருசியில நிக்குமா, கால் தூசு பெறாது, அது வெறும் இனிப்பு, போட்டோவுக்குன்னே பிறந்த சாமான். நானே மூணு மி.மீ.க்கு மேல போடாதீங்கன்னுதான் எல்லார்கிட்டயும் தொண்டை கிழிய சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனா நம்ம பெரியவங்க என்ன லேசுப்பட்டவங்களா, அவங்க கல்யாணப் பலகாரத்துல மனகோலமும் சீப்பு சீடையும் எத்தனை அழகா, எத்தனை பொறுமையா செஞ்சாங்க, தின்னுட்டா வயித்துக்குள்ள எல்லாம் ஒண்ணுதான்னு அவங்க விட்டாங்களா? உங்க மருமகளுக்கும் அதே கைதான், சாமான்தான் வேற.

மூணு நாள் வேலைன்னு எரிச்சல்படாம நீங்களும் பக்கத்துல போய் உக்காருங்க. சிராவயல் மஞ்சுவிரட்டை வருஷா வருஷம் பாத்திருப்பீங்கல்ல, ஒரு காளை வேணும்னு கேளுங்க. ஸ்போர்ட்ஸ்னா அதுவும் ஸ்போர்ட்ஸ்தானே! பழுப்புல ஒரு உருண்டை முகம், திமில், ரெண்டு கொம்பு, கழுத்துல மஞ்சத் துண்டு. கொம்பை மட்டும் சி.எம்.சி. மாவுல ரெண்டு நாள் முன்னாடியே செஞ்சு காய வைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா காது மாதிரி தொங்கிடும். உள்ள பல்குச்சி சொருக விடாதீங்க, பிள்ளை வாய்ல குத்தும், ஒடைச்ச ஸ்பகெட்டித் துண்டு போதும். கந்தரப்பத்தையும் விடவேண்டாம், வர்ற பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு ஓலைக் கொட்டான்ல ஒரு கப்கேக்கும் ரெண்டு கந்தரப்பமும் வச்சுக் குடுத்து அனுப்புங்க. கொட்டான்ல அடியில ஒரு வாழையிலைத் துண்டு போட்டு, அப்பத்து எண்ணெய் கப்கேக்ல படாம நடுவுல ஒரு மடிப்பு வைக்கணும், எண்ணெய் பட்டா ஃபான்டன்ட் பளபளன்னு ஆகி ஊறிடும்.

"24 கப்கேக்கையும் திருச்சிக்கு பஸ்ல எடுத்துட்டுப் போகணும். மிச்சமான ஃபான்டன்ட்டை என்ன செய்யலாம்?"
வாசகி, குன்றக்குடி

மேல் அலங்காரத்தைத் தனிப்பெட்டி, கேக்கைத் தனிப்பெட்டின்னு கொண்டு போ, கனாஷை ஒரு டப்பால எடுத்துக்க, அங்க போய் ஒட்டு, அரைமணி நேர வேலை. ஒட்டியே கொண்டு போகணும்னா பெட்டிக்குள்ள ஒவ்வொரு கேக்கும் ஆடாம டிஷ்யூவைச் சுருட்டி இடுக்குல அடைச்சுடு, மடியில வச்சுக்கோ, பஸ்ல மேல் கேரியர்ல வைக்காத, கடைசி சீட்டும் வேண்டாம், அது தூக்கித் தூக்கிப் போடும். மிச்ச ஃபான்டன்ட்ல துளி டால்டா தடவி பிளாஸ்டிக் ஷீட்ல இறுக்கிச் சுத்தி, காத்துப் போகாத டப்பால வெளியவே வை, பாக்கெட்ல போட்டிருக்கிற தேதி வரைக்கும் வரும். இறுகிப் போச்சுன்னா உள்ளங்கைச் சூட்டுல பிசைஞ்சா இளகிடும், அப்பவும் மசியலேன்னா ஒரு சொட்டு கிளிசரின்.